அவரவர் வேகமும் கெல்லரின் கட்டுரையும்

திசையன்களைப் புரிந்துகொள்ளாத மாணவருக்கு வட்ட இயக்கம் விளங்குமா? விளங்காது. ஆயினும் திசையன் பாடம் முடிந்த மறுவாரமே நாங்கள் வட்ட இயக்கத்தைத் தொடங்கிவிடுகிறோம். பாடத்திட்டம் காத்திராது அல்லவா?

இதற்கு மாற்றாக அமெரிக்க உளவியலாளர் ஃபிரெட் கெல்லர் ஒரு முறையை வகுத்தார். 1968-இல் அதை விளக்கி அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே எங்களைப் போன்றவர்களைத் திடுக்கிட வைக்கும்: 'போய் வாருங்கள், ஆசிரியரே!' அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் ஒரு பாடத்தை 30 அலகுகளாகப் பிரித்தார். மாணவர் தாமே படித்து, தயாரானதும் தேர்வு எழுதலாம். தேறினால்தான் அடுத்த அலகு. எத்தனை முறை தவறினாலும் அது அவருக்கு எதிராகக் கணக்கிடப்படாது. விரிவுரைகள் உண்டு, கட்டாயமில்லை.

இதைப் படிப்பவர்கள் 'அவரவர் வேகம்' என்ற சொல்லில் மயங்கிவிடுகிறார்கள். நானும் மயங்கினேன். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் இரண்டு பாடங்களை மாணவர்கள் பொறுப்பிலேயே விட்டேன். ஐந்தாறு பேர் விரைவில் முடித்தனர். மற்றவர்கள் பருவத்தேர்வு நெருங்கும்வரை தள்ளிப்போட்டனர். சோம்பல் என்று கடிந்துகொண்டேன். கட்டுரையை மறுபடி படித்தபோதுதான் தவறு என்னுடையது என்று தெரிந்தது.

நான் விட்டுவிட்டது மாணவத் துணைவரை. பாடத்தை ஏற்கெனவே நன்கு கற்றுத் தேறிய மாணவர் அவர். எழுதியவரை எதிரில் வைத்துக்கொண்டே விடைத்தாளைத் திருத்துவார். ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்பார். இந்த எண்ணத்தின் வேர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இருக்கிறது. அப்போது கெல்லர் படையினருக்கு மோர்ஸ் தந்திக் குறிகளைக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார். குறியின் ஒலி கேட்டதும் எழுத்தை எழுத வேண்டும். சற்று நேரத்தில் சரியான எழுத்து அறிவிக்கப்படும். தவறு நடந்த சூட்டோடு திருத்தம் வந்துவிடும். இன்று செல்பேசியில் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதையும் சிலர் சுயவேகக் கல்வி என்கிறார்கள். அங்கே உங்களை நிறுத்திக் கேள்வி கேட்பவர் யார்?

கெல்லரிடமும் எனக்குக் குறை உண்டு. தலைப்பு வெறும் மிகை. முப்பது அலகுகளுக்கும் வழிகாட்டி எழுதி, ஒவ்வொன்றுக்கும் பல வினாத்தாள் அமைப்பவர் ஆசிரியர்தானே? சிலர் பருவத்துக்குள் முடிக்காமல் போகலாம் என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். பல்கலைக்கழகத் தேர்வு குறித்த நாளில் வந்து நிற்கும் நம் ஊரில், பன்னிரண்டாம் அலகில் இருப்பவரை என்ன செய்வது? நால்வருக்கு ஒரே மின்னழுத்தமானி உள்ள ஆய்வகத்தில் அவரவர் வேகம் ஏது?

ஆகையால் இப்பருவத்தில் மூன்று அலகுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். மூத்த மாணவர்கள் நால்வர் மாலையில் துணைக்கு அமர்கிறார்கள். சென்ற வாரம் ஒரு மாணவி மூன்றாம் முறையும் தேறவில்லை. "வேகம் மாறவே இல்லையே, அண்ணா, முடுக்கம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டாள். அவன் விடை சொல்லவில்லை. ஒரு வட்டம் வரைந்து, இரண்டு இடங்களில் திசைவேகத்துக்கு அம்புக்குறி போடச் சொன்னான். இரண்டாவது அம்பைப் பாதி வரைந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். நான்காம் முறை எழுத அவளே தாள் கேட்டாள்.