ரேம் வாங்கும் முன் ‘சார்’ ஓடட்டும்

தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் புரோக்கர், சரக்கு முகவர் அலுவலகங்களில் ஏசி அறையிலோ மாடிப்படிக்கு அடியிலோ ஒரு லினக்ஸ் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், ஸ்கேன் செய்த ஆவணங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். கப்பலின் கட்-ஆஃப் நேரம் நெருங்கும் மாலையில் அது மந்தமானால் அலுவலகமே பதறும். யாராவது ஒருவர் டெர்மினலைத் திறந்து ‘ஃப்ரீ’ என்று தட்டுவார். 16 ஜிபியில் அரை ஜிபிகூட மிச்சமில்லை என்று காட்டும். “அண்ணாச்சி, மெமரி ஃபுல்லாயிட்டு. ரேம் போட்டாத்தான் சரியாவும்” என்ற தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடும். ரேம் வரும், பணம் போகும். அடுத்த கட்-ஆஃப் மாலையில் சர்வர் பழையபடியே இழுக்கும்.

சின்ன அலுவலகங்களின் பணம் இப்படிப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான், சர்வரின் நினைவகத்தையும் ப்ராசஸரையும் அளந்து சொல்லும் கருவிகளை உண்மையான வேலைச்சுமையில் வைத்துப் பார்த்தேன். ஃப்ரீ, டாப், எச்டாப், விஎம்ஸ்டாட், சார் ஆகிய ஐந்தும், கர்னல் தானே கொடுக்கும் பிரெஷர் கணக்கும் சோதனைக்கு வந்தன. எதற்கும் காசு கிடையாது. சோதித்த இயந்திரம் துறைமுகத் தொழில் சார்ந்த ஓர் அலுவலகத்தினுடையது: 4 கோர், 16 ஜிபி ரேம், டெபியன் 12, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ஒரு ஜாவா செயலி, ஊழியர்கள் கோப்புகளைப் பகிர சாம்பா.

முதலில் ‘ஃப்ரீ’. நான் பார்த்தபோது ஃப்ரீ நெடுவரிசை 0.4 ஜிபி, பஃப்/கேஷ் 9.3 ஜிபி, கடைசி நெடுவரிசையான அவைலபிள் 7.4 ஜிபி என்று காட்டின. படிக்க வேண்டியது இந்தக் கடைசி எண். டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளை லினக்ஸ் ரேமிலேயே வைத்துக்கொள்கிறது. மறுபடி கேட்டால் டிஸ்குக்குப் போகாமல் உடனே கொடுத்துவிடலாம். வேறு செயலிக்கு இடம் தேவைப்பட்டால் அந்தக் கேஷை விட்டுக்கொடுத்துவிடும். ஆகவே ஃப்ரீ குறைவாக இருப்பது, வாங்கிய ரேம் வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். டிஸ்கிலுள்ள ஸ்வாப் இடத்தைத் தொடாமல் புதிய செயலிகளுக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்ற இந்த அவைலபிள் மதிப்பீட்டை கர்னலே தரத் தொடங்கியது 2014இல் வந்த 3.14 பதிப்பில்தான். அதற்கு முன்பு கற்றவர்கள் ஃப்ரீயையும் கேஷையும் கூட்டிக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கூட்டல் இங்கே 9.7 ஜிபி என்று சொல்லியிருக்கும். ஆனால் போஸ்ட்கிரெஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்ட பகிர்வு நினைவகமும் கேஷ் கணக்கிலேயே சேர்கிறது. அதை கர்னலால் மற்ற கேஷைப் போல விட்டுக்கொடுக்க முடியாது. 9.7க்கும் 7.4க்கும் இடையிலான வித்தியாசத்தில் பெரும்பகுதி அதுதான்.

2023 டிசம்பர் வெள்ளம் இந்த மாவட்டத்துக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. அப்படி மின்சாரம் போய், பிறகு மீண்டும் இயக்கப்படும் எந்தச் சர்வரும் முதல் ஒரு மணி நேரம் ஏராளமான ஃப்ரீ மெமரியைக் காட்டும். வேலையோ வழக்கத்தைவிட மெதுவாக நடக்கும், ஏனென்றால் கேஷ் காலி, ஒவ்வொரு கோப்பும் டிஸ்கிலிருந்து வர வேண்டும். ஃப்ரீ எண்ணை மட்டும் நம்புகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சர்வரின் பொற்காலமாகத் தெரியும்.

அடுத்து டாப். வில்லியம் லெஃபீவர் 1984இல் பிஎஸ்டி யூனிக்ஸுக்கு எழுதியது. லினக்ஸில் இன்று இருப்பது தனியே எழுதப்பட்ட வாரிசு. எல்லாச் சர்வரிலும் தயாராக இருக்கும் என்பதே இதன் பெரிய பலம். இதில் இரண்டு இடத்தில் கண் ஏமாறும். ஒன்று, சிபியு சராசரி. 4 கோர் இயந்திரத்தில் மொத்தம் 25 சதவீதம் என்றால் நிறைய மிச்சமிருப்பதாகத் தோன்றும். எண் 1ஐ அழுத்தி ஒவ்வொரு கோரையும் பிரித்துப் பார்த்தால் ஒன்று மட்டும் 100இல் நிற்கலாம். ஒரே இழையில் ஓடும் பழைய ரிப்போர்ட் புரோகிராமுக்கு மற்ற மூன்று கோர்களால் எந்தப் பயனும் இல்லை. அதற்காக 8 கோர் சர்வர் வாங்கினாலும் ரிப்போர்ட் ஒரு நொடிகூட முன்னதாக வராது. இரண்டாவது, ஒரு ப்ராசஸ் ரேமில் வைத்திருக்கும் அளவைக் காட்டும் ரெஸ் நெடுவரிசை. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு ப்ராசஸும் பகிர்வு நினைவகத்தில் தான் தொட்ட பகுதியைத் தன் கணக்கில் முழுதாகக் காட்டுகிறது. அவற்றைக் கூட்டினால் 16 ஜிபி இயந்திரத்தில் 30 ஜிபி செலவாவதுபோல வரும். கூட்டவே கூடாது.

எச்டாப் பார்வைக்கு இதமானது. பிரேசிலைச் சேர்ந்த ஹிஷாம் முகம்மது 2004இல் தொடங்கியது. 2020 முதல் ஒரு குழு பராமரிக்கிறது. நினைவகப் பட்டையில் செயலிகள் எடுத்தது பச்சை, கேஷ் மஞ்சள் என்று நிறம் பிரிந்து தெரிவதால், “மெமரி ஃபுல்” என்று பதறுகிறவரிடம் விரலால் தொட்டுக் காட்டி விளக்கலாம். அலுவலக முதலாளிக்குப் புரியவைக்க இதைவிட நல்ல கருவி இல்லை. குறையும் உண்டு. டிஸ்குக்காகக் காத்திருக்கும் நேரத்தை இதன் சிபியு பட்டை இயல்பாகக் காட்டாது. எஃப்2 அமைப்புகளில் விரிவான சிபியு நேரத்தை இயக்கினால்தான் தெரியும். இந்த ஊருக்கென்று நான் சொல்ல விரும்புவது ஒன்று: அதே அமைப்புகளில் சிபியு வேகத்தையும் வெப்பநிலையையும் காட்டச் சொல்லுங்கள். கடற்காற்றின் உப்பும் தூசியும் விசிறியில் படிந்து, கோடையில் ப்ராசஸர் சூடேறினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாப் 90 சதவீதம் என்று சொல்லும்; அது குறைந்த வேகத்தில் 90 சதவீதம் என்று சொல்லாது. சிபியு மாற்றும் முன் விசிறியைத் துடைக்கலாம்.

இனி அதிகம் பேரைக் குழப்பும் லோட் ஆவரேஜ். இந்த அலுவலகத்தில் மாலை ஆறரைக்கு லோட் 11ஐத் தாண்டியது. 4 கோருக்கு 11 என்றால் ப்ராசஸர் திணறுகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதே நேரத்தில் செயலிகள் பயன்படுத்திய சிபியு 10 சதவீதத்துக்கும் கீழே! காரணம் லினக்ஸின் கணக்கு முறை. மற்ற யூனிக்ஸ்கள் பொதுவாக சிபியுவில் ஓடுகிறவற்றையும் அதற்காக வரிசையில் நிற்கிறவற்றையும் எண்ணுகின்றன. லினக்ஸ், இடைமறிக்க முடியாத காத்திருப்பில் இருக்கிற, பெரும்பாலும் டிஸ்குக்காகக் காத்திருக்கிற ப்ராசஸ்களையும் சேர்த்து எண்ணுகிறது. 1993இல் மத்தியாஸ் உர்லிக்ஸ் கொடுத்த ஒரு திருத்தம் இதற்குக் காரணம். வேகமான ஸ்வாப் டிஸ்கைக் கழற்றி மெதுவானதை மாட்டினால் கணினி இழுக்கும், லோட் எண்ணோ குறையும், அது நியாயமா என்பது அவர் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் அதன் விளைவாக லினக்ஸில் லோட் என்பது சிபியுவின் சுமை மட்டுமாக இல்லாமல் போனது.

காத்திருப்பது எதற்காக என்று சொன்னது விஎம்ஸ்டாட். ‘விஎம்ஸ்டாட் 1’ என்று கொடுத்தால் நொடிக்கு ஒரு வரி வரும். முதல் வரியைக் கண்டுகொள்ள வேண்டாம்; அது சர்வர் இயங்கத் தொடங்கியதிலிருந்தான சராசரி. ‘ஆர்’ நெடுவரிசை சிபியுவுக்கான வரிசை. அது பெரும்பாலும் 1. ‘பி’ நெடுவரிசை டிஸ்குக்காக முடங்கியவை. அது 9, 10. டிஸ்குக்காக சிபியு காத்திருந்த நேரமான ‘டபிள்யூஏ’ 60 சதவீதத்தைத் தாண்டியது. ஸ்வாப்பில் 700 எம்பி இருந்தது. அதைப் பார்த்து ஒருவர் பயந்தார். என்றைக்கோ தூங்கப்போன பக்கங்கள் ஸ்வாப்பில் கிடப்பதால் ஒரு கேடும் இல்லை. உள்ளே வருவதும் வெளியே போவதுமான ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ இரண்டும் வரிக்கு வரி பூஜ்யமாகவே இருந்தன. உண்மையான ரேம் பஞ்சம் வந்தால் இந்த இரண்டும் நிற்காமல் ஓடும். ‘டபிள்யூஏ’யிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். அது சும்மா இருக்கும் சிபியு நேரத்தின் ஒரு பகுதிதான். கனமான கணக்கு வேலை ஒன்று கூடவே ஓடினால் டிஸ்க் அதே அளவு திணறினாலும் ‘டபிள்யூஏ’ குறைந்துவிடும். அதனால் அதைத் தனியாகப் படிக்காமல் ‘பி’யோடு சேர்த்துப் படியுங்கள்.

சந்தேகத்தை முழுதாகத் தீர்த்தது பிரெஷர் கணக்கு. ஃபேஸ்புக்கில் பணியாற்றிய யோஹான்னஸ் வைனரின் உழைப்பில் 2018இல் லினக்ஸ் 4.20இல் வந்தது. ‘ப்ராக்’ அடைவுக்குள் ‘பிரெஷர்’ என்ற அடைவில் சிபியு, மெமரி, ஐஓ என்ற சின்னக் கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் கடந்த 10, 60, 300 நொடிகளில் எத்தனை சதவீத நேரம் அந்த வளத்துக்காக வேலை தடைபட்டது என்று சொல்கிறது. அந்த மாலையில் மெமரி 0.00, ஐஓ 58. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சில லினக்ஸ் விநியோகங்களில் இதை இயக்க, கர்னல் துவக்க வரியில் ‘பிஎஸ்ஐ=1’ சேர்க்க வேண்டியிருக்கும்.

இவை எல்லாம் நீங்கள் பார்க்கும் நேரத்தைத்தான் சொல்லும். நேற்று மாலை என்ன நடந்தது என்று சொல்வது ‘சார்’ மட்டும். பிரான்ஸின் செபாஸ்டியன் கோடார் பராமரிக்கும் சிஸ்ஸ்டாட் தொகுப்பில் உள்ள இது, 10 நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்துச் சேமிக்கிறது. ‘மைனஸ் யூ’ சேர்த்தால் சிபியு, ‘மைனஸ் ஆர்’ நினைவகம், ‘மைனஸ் க்யூ’ லோட். சிபியு எண் அந்த 10 நிமிடத்தின் சராசரி. அரை நிமிடம் வந்துபோகும் உச்சம் அதில் கரைந்துவிடும். நினைவகமும் லோடும் அந்த ஒரு கணத்தில் எடுத்த மாதிரி. அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பான சலாபத்தை அறிவிக்கும் முன், சிப்பி விளையும் கடலடிப் பார்களில் அங்கங்கே சிப்பி எடுத்து, முத்தை மதிப்பிட்டுப் பார்ப்பார்கள். எடுக்காத இடத்தில் என்ன இருந்தது என்று அந்த மாதிரி சொல்லாது. இந்தக் கரையில் 1961க்குப் பிறகு அரசின் பெரிய சலாபம் நடக்கவில்லை, ஆனால் மாதிரியை எவ்வளவு நம்பலாம் என்பது முத்துக்குளித்துறைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 10 நிமிட இடைவெளி போதவில்லை என்றால் 2 நிமிடமாகக் குறைக்கலாம்; கோப்பு கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

‘சார்’ காட்டிய ஒழுங்கு கண்ணில் அறைந்தது. வேலைநாள் ஒவ்வொன்றிலும் மாலை 6 மணிக்கு ‘டபிள்யூஏ’ ஏறி, ஏழரைக்கு இறங்கியது. டேட்டாபேஸ் இருக்கும் அதே ஹார்ட் டிஸ்கிலிருந்து ஸ்கேன் கோப்புகளை எல்லாம் நகலெடுக்கும் பேக்கப், சரியாக 6 மணிக்குத் தொடங்குமாறு எப்போதோ யாரோ வைத்திருந்தார்கள். பேக்கப் அதிகாலை 3 மணிக்கு நகர்ந்தது. டேட்டாபேஸ் ஒரு எஸ்எஸ்டிக்கு மாறியது. மாலை லோட் 1க்குக் கீழே வந்துவிட்டது. ரேம் அதே 16 ஜிபி.

கிளவுடில் வாடகைக்கு எடுத்த சர்வர் என்றால் விஎம்ஸ்டாட் காட்டும் ‘எஸ்டி’யையும் பாருங்கள். உங்களுக்குரிய சிபியு நேரத்தை அடியிலுள்ள இயந்திரம் வேறொருவருக்குக் கொடுத்ததன் அளவு அது. தொடர்ந்து உயர்ந்திருந்தால் உங்கள் செயலியைக் குறை சொல்ல வேண்டாம். வாடகைக்குக் கொடுத்தவரிடம் அந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். லினக்ஸ் அல்லாமல் ஃப்ரீபிஎஸ்டி என்றால் அவைலபிள் நெடுவரிசையைத் தேடாதீர்கள், அங்கே ஆக்டிவ், இன்ஆக்டிவ், வயர்ட் என்று வேறு பிரிவுகள். சோலாரிஸின் விஎம்ஸ்டாட்டில், விடுவிக்கப் பக்கங்களைத் தேடும் வேகமான ‘எஸ்ஆர்’ தொடர்ந்து ஓடினால்தான் நினைவகத் தட்டுப்பாடு. ஏஐஎக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஐபிஎம்மின் நைஜல் கிரிஃபித்ஸ் எழுதிய என்மான் போதும்.

என் தீர்ப்பு: சார் முதலிடம், விஎம்ஸ்டாட்டும் பிரெஷர் கணக்கும் அதற்கு அடுத்து, எச்டாப் பிறருக்கு விளக்கிக் காட்ட. டெபியனிலும் உபுண்டுவிலும் சிஸ்ஸ்டாட்டை நிறுவினால் மட்டும் கணக்கெடுப்பு தொடங்கிவிடாது. ‘டிஃபால்ட்’ அடைவிலுள்ள அதன் அமைப்புக் கோப்பில் ‘எனேபிள்ட்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்குங்கள். டெபியன் இயல்பாக ஒரு வாரக் கணக்கை மட்டுமே வைத்திருக்கும். ‘சிஸ்ஸ்டாட்’ அடைவிலுள்ள இன்னொரு அமைப்புக் கோப்பில் ‘ஹிஸ்டரி’யை 31 ஆக்கிவிடுங்கள். இன்றே செய்யுங்கள். ஒரு மாதக் கட்-ஆஃப் மாலைகளின் கணக்கு கையில் வந்தபின், அவைலபிள் தரைதட்டி, ‘எஸ்ஐ’யும் ‘எஸ்ஓ’வும் ஓடிக்கொண்டிருந்தால் தயங்காமல் ரேம் வாங்குங்கள்.