0.4 டெசிபெல்

நண்பர் ஒருவர் தம்முடைய மியூசிக் ஸ்ட்ரீமரை இரண்டு வாரத்துக்கு இரவல் கொடுத்தார். என்னிடம் இருப்பதைவிட மூன்று மடங்கு விலை. முதல் நாள் இரவே நோட்டில் எழுதிவைத்தேன்: வயலினைச் சுற்றிக் காற்று தெரிகிறது, பேஸ் இறுக்கமாக இருக்கிறது, மேடை அகலம். கேட்டது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'. 1986இல் கேசட்டில் தொடங்கிய பழக்கம், வி.எஸ். நரசிம்மனின் வில் எந்த இடத்தில் திரும்பும் என்பதுகூட மனப்பாடம். அதனால் எழுதியதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

மறுநாள் மல்டிமீட்டரை எடுத்தேன். 100 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை இரண்டு பெட்டியிலும் முழு அளவில் ஓடவிட்டு, ஆர்சிஏ வயரின் நடு முனையில் ஒரு கம்பி, வெளி வளையத்தில் ஒரு கம்பி. (பலரும் 1000 ஹெர்ட்ஸில் அளப்பார்கள். மலிவு மீட்டர் அங்கே உளறும்.) என் பெட்டி 1.98 வோல்ட் காட்டியது. நண்பருடையது 2.08. கணக்குப் போட்டால் சுமார் 0.4 டெசிபெல். இந்த அளவு கூடினால் சத்தம் கூடியிருக்கிறது என்று காது சொல்லாது; நன்றாக இருக்கிறது என்று சொல்லும். நான் கேட்ட காற்று, இறுக்கம், அகலம் எல்லாவற்றுக்கும் அந்த 0.1 வோல்ட்டே போதும்.

பட்ஜெட் ஸ்ட்ரீமர்களைப் பற்றி எழுதப்படும் விமர்சனங்களில் பெரும்பாலானவற்றை நான் நம்பாமல் போனது அன்றிலிருந்துதான். வோல்ட்டைச் சமப்படுத்தினேன் என்ற ஒரு வரி இல்லாத விமர்சனத்தில் மீதி நாற்பது வரி இருந்தும் பயனில்லை.

பெட்டி என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். இணையத்திலிருந்தோ வீட்டு ஹார்ட் டிஸ்கிலிருந்தோ கோப்பை இழுக்கிறது, விரிக்கிறது, எண்களை ஒலிக்கான மின்சமிக்ஞையாக மாற்றுகிறது (இந்த மாற்றிதான் டிஏசி). முதல் இரண்டு வேலையில் தரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வழியில் தொலைந்த பொட்டலத்தை நெட்வொர்க் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்கிறது. ஃப்ளாக் கோப்பு விரிந்தால் மூலத்தில் இருந்த எண்களே அப்படியே வருகின்றன. ஆப்டிகல் வயர் வழியாக வேறொரு டிஏசிக்கு எண்களாகவே அனுப்புகிறவருக்கு விலை கூடிய ஸ்ட்ரீமரால் ஒலியில் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. கடிகாரத் தடுமாற்றத்தை, அதாவது ஜிட்டரை, உடனே இழுப்பார்கள். 1998இல் பெஞ்சமினும் கேனனும் நடத்திய சோதனையில், இசையில் ஜிட்டர் காதுக்குத் தட்டுப்படப் பத்துக்கணக்கான நானோவிநாடி தேவைப்பட்டது. இன்றைய ஒழுங்கான பெட்டிகளில் அது பிக்கோவிநாடிக் கணக்கு.

வாதம் செய்ய இடமிருப்பது மூன்றாவது வேலையில்தான். விம் என்ற பட்ஜெட் பிராண்டின் ப்ரோ ஸ்ட்ரீமரில் இருப்பது பிசிஎம்5121 சிப். அதன் தயாரிப்பாளர் தரும் சிக்னல்-இரைச்சல் எண் 106 டெசிபெல். சிடியின் 16 பிட்டுக்குள் அடங்குவது சுமார் 96. ப்ரோவுக்கு மேல்படியான ப்ரோ ப்ளஸில் ஏகேஎம் நிறுவனத்தின் ஏகே4493 வரிசைச் சிப். காகிதத்தில் இன்னும் மேலே நிற்கும். நல்ல சிப்தான். ஆனால் சீலிங் ஃபேன் சுற்றும் அறையில் 96ஐயே முழுதாகக் கேட்டவர் யாருமில்லை.

காகிதம் போதாது, காதால் கேட்டுச் சொல் என்பது நியாயமான கோரிக்கை. கேட்டேன். வோல்ட்டைச் சமப்படுத்தி, இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபயரின் இரண்டு இன்புட்டில் மாட்டி, இரண்டும் ஒரே பாட்டை ஒரே சமயத்தில் பாடும்படி செய்தேன். இதுதான் தலைவலி. கால் விநாடி பின்தங்கினாலும், மாற்றும்போது பாட்டு தாவுகிற விதமே எது எந்தப் பெட்டி என்று காட்டிக்கொடுத்துவிடும். நண்பர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நாணயம் சுண்டி இன்புட்டை மாற்றினார். 16 சுற்று. 12 சரியாக வந்திருந்தால் வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்வது கடினம். எனக்கு வந்தது 9. தம்புராவின் சுருதி நீளமாகத் தேய்ந்து அடங்கும் இடத்தில் கட்டாயம் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். அங்கேதான் அதிகம் சறுக்கினேன்.

ஒரு வீட்டில் ஒருவன் தோற்றதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்பது உண்மைதான். 2007இல் மேயரும் மோரனும் உயர் ரெசல்யூஷன் இசையை நேரடியாகவும், சிடி தரத்துக்குக் குறைத்தும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார்கள். 554 முறையில் 276 சரி. நாணயம் சுண்டினாலும் அவ்வளவு வரும். எதிர்த்தரப்பின் கையிலும் ஓர் ஆய்வு உண்டு. ஜோஷுவா ரீஸ் 2016இல் பல சோதனைகளைத் திரட்டிக் கூட்டியபோது 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆகவே வித்தியாசமே கிடையாது என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. இந்த இரண்டுமே வெவ்வேறு ரெசல்யூஷனை ஒப்பிட்டவை என்பதும் நினைவிருக்கட்டும். ரெசல்யூஷனையே மாற்றியும் வித்தியாசம் இவ்வளவு ஒல்லி என்றால், ஒரே கோப்பைப் பாடும் இரண்டு நல்ல பெட்டிகளுக்கு நடுவே வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வித்தியாசம் கேட்டது என்பவர் வேறெதையோதான் கேட்டிருக்கிறார்.

அந்த வேறெதுவோ பெரும்பாலும் செட்டிங்கில் ஒளிந்திருக்கும். ஸ்பாட்டிஃபை ஆப்பில் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி சாதாரணமாகவே இயங்கிக்கொண்டிருக்கும். பாட்டுகளை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் அளவுக்குக் கொண்டுவரும். பக்கத்துப் பெட்டியில் வேறு சேவை ஓடினால் சத்தம் பல டெசிபெல் வேறுபடும். என் 0.4 அதன் முன்னால் தூசு. இன்னொன்று, போனிலிருந்து ப்ளூடூத்தில் அனுப்பிவிட்டு ஸ்ட்ரீமரைத் திட்டுகிறவர்கள். ப்ளூடூத்தின் எஸ்பிசி முறையில் சுருங்கி வந்த பாட்டுக்கு டிஏசி என்ன செய்யும்? போன் ரிமோட்டாக மட்டும் இருந்து, பெட்டி தானே இணையத்திலிருந்து இழுக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். 2015இல் 35 டாலருக்கு வந்த கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோவில் முழு டைனமிக் ரேஞ்ச் என்று ஒரு சின்னச் சுவிட்ச் ஆப்புக்குள் இருந்தது. அதைத் தொடாமலே குறை சொன்னவர்கள் எத்தனையோ பேர்.

ஸ்பீக்கரில் ஹம் கேட்டால் அது உண்மையான குறை, கற்பனை இல்லை. ஆனால் அதற்குப் பெட்டியைவிட விலை கூடிய லீனியர் பவர் சப்ளை வாங்குவதற்கு முன்னால் ஆப்டிகல் வயர் ஒன்றை மாட்டிப் பாருங்கள். கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் மின்சாரம் ஓடாது. ஹம்முக்குப் பெரும்பாலும் காரணமான கிரவுண்ட் லூப் அந்த இடத்திலேயே அறுந்துபோகும்.

ஸ்ட்ரீமர் என்ற பெயரில் ஒலியை நிஜமாகவே மாற்றக்கூடிய ஒரே அம்சம் அறைத் திருத்தம். நம் வீட்டு அறைகள் பேஸில் சில சுருதிகளை 10 டெசிபெல் தூக்கும், சிலவற்றை விழுங்கும். மிருதங்கத்தின் தொப்பி 'பொம்'மென்று வீங்குவது அதனால்தான். போனின் மைக்கை வைத்து அதை அளந்து, ஈக்யூ போட்டு இறக்கும் வசதி விம்மின் மலிவுப் பெட்டிகளிலேயே வந்துவிட்டது. போன் மைக் துல்லியமானது இல்லை. உச்ச அதிர்வெண்களில் அதன் பேச்சைக் கேட்கக் கூடாது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் திருத்தச் சொல்லிவிட்டேன். இதைக் கண்டுபிடிக்க நாணயம் சுண்ட வேண்டிய அவசியம் வரவில்லை. அடுக்களையிலிருந்து என் மனைவியே என்ன மாற்றினீர்கள் என்று கேட்டாள்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஆம்ப்ளிஃபயரிலேயே நல்ல டிஏசி இருந்தால் விம் மினி போதும். வைஃபை தடுமாறும் வீடென்றால் ஈதர்நெட் உள்ள ப்ரோ. ப்ரோ ப்ளஸுக்குத் தரும் கூடுதல் பணம் காதுக்கு வந்து சேராது; அதைப் புத்தக அலமாரி ஸ்பீக்கருக்கு ஒரு ஜோடி ஸ்டாண்டாக மாற்றிக்கொள்ளலாம். பழைய குரோம்காஸ்ட் ஆடியோ மலிவாகக் கைமாறுகிறது. ஒலியில் அதற்கு இன்றும் பாஸ் மார்க் போடுவேன், ஆனால் வாங்கச் சொல்லமாட்டேன். 2019இல் உற்பத்தி நின்றுவிட்டது. 2025 மார்ச்சில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதும் உலகெங்கும் அந்தப் பெட்டிகள் சில நாள் ஊமையாகிக் கிடந்தன. பிறகு கூகுள் சரிசெய்தது. அடுத்த முறையும் செய்யுமா என்பதற்கு அந்த விலையில் உத்தரவாதம் கிடையாது.

நண்பரின் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது மீட்டர் எண்களையும் அந்த 9ஐயும் எழுதிக் கூடவே கொடுத்தேன். வாசித்துவிட்டு, "இருக்கலாம் சார், ஆனாலும் அதுல ஒரு காத்து இருக்கு" என்றார். நாணயத்தைச் சுண்டியவரும் அவர்தான்.