அகாகா அருவியும் அதில் ஏறும் மீனும்

ஹவாய்த் தீவின் கிழக்குக் கரையோரமாக ஹீலோவிலிருந்து வடக்கே போகும் ஹமாகுவா சாலையில் வண்டி ஓட்டுகிறவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் யோகம். வலப்பக்கம் செங்குத்தான கரைக்குக் கீழே பசிபிக். இடப்பக்கம் 4,207 மீட்டர் உயரமுள்ள மௌனா கேயாவின் சரிவு. வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்று கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து இந்தச் சரிவில் மோதி மேலேறுகிறது. ஏறின ஈரம் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. அதனால்தான் வழிநெடுக ஓடைப் பள்ளங்களும் பாலங்களும். ஒரு காலத்தில் இந்தப் பள்ளங்களைத் தாண்டிக் கரும்பாலைகளின் சர்க்கரையை ஏற்றிக்கொண்டு ரயில் ஓடியது. 1946 ஏப்ரல் 1 அன்று வந்த சுனாமியோடு அந்த ரயில் நின்றுபோனது.

பெரிய சாலையை விட்டு மலைப்பக்கம் திரும்பினால் ஹொனோமு. கரும்புத் தோட்டக் காலத்து ஊர். பழைய மரக்கடைகள் நிற்கும் ஒரு தெரு, அவ்வளவுதான். அதைத் தாண்டி ஆறு கிலோமீட்டர்போல மேலே ஏறினால் சாலை முடிகிற இடத்தில் அகாகா அருவிப் பூங்கா. மொத்தப் பரப்பு 65 ஏக்கர். சுற்றிவரும் நடைபாதை முக்கால் கிலோமீட்டர்கூட வராது. படிகள் உண்டு, கைப்பிடி உண்டு. வேகமாக நடப்பவர்கள் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடலாம். பலர் அப்படித்தான் போகிறார்கள், பாவம்.

பாதையில் காலை வைத்ததும் வெளிச்சம் பச்சையாகிவிடுகிறது. தலைக்கு மேலே மூங்கில், ஆலமரம், அகன்ற இலைகளோடு ஹெலிகோனியா. மெழுகில் வார்த்து அடுக்கியதுபோல் இதழ்களை விரித்து நிற்கும் டார்ச் ஜிஞ்சர். ஈரக்காற்றில் நம்மை முந்திக்கொண்டு வரும் வெள்ளை இஞ்சிப் பூவின் வாசனை. மழைக்காடு என்று நாம் மயங்கி நிற்கும் இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை வந்தேறிகள். வெள்ளை இஞ்சி இமயமலைப் பக்கத்தது, டார்ச் ஜிஞ்சர் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது, ஹெலிகோனியாவில் பலவும் வெப்பமண்டல அமெரிக்காவுடையவை. தாவரவியல்காரர்கள் இதைச் சொல்லி முகம் சுளிப்பார்கள். அவர்கள் சுளிப்பதிலும் நியாயம் உண்டு: வெளியிலிருந்து வந்த செடிகள் பெருகிப் பெருகித்தான் ஹவாயின் சொந்தக் காடுகள் சுருங்கின. கண்ணுக்கு மட்டும் அந்த வழக்கு புரிவதில்லை.

மண்ணின் மைந்தன் வேண்டுமென்றால் ஹாபுஊ என்ற மரப்பெரணியைத் தேடுங்கள். ஆளுயரத் தண்டின் உச்சியில் புது இலை சுருண்டிருக்கும் இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வீணையின் யாளிமுகம்போல் உள்நோக்கி வளைந்த அந்தச் சுருளைப் பொன்னிறப் பஞ்சு போர்த்தியிருக்கிறது. மழைத்துளி அந்த ரோமங்களின் நுனியிலேயே தங்கி நிற்க, சுருள் முழுதும் பனி பூத்தமாதிரி இருக்கிறது. இந்தப் பஞ்சுக்குப் பெயர் புலு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெத்தைக்கும் தலையணைக்கும் அடைப்பதற்காக இதை மூட்டை மூட்டையாகக் கலிபோர்னியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். ஒரு செடி தன் குருத்துக்குப் போர்த்திய போர்வையை உருவிக்கொண்டு போய்த் தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறோம்.

அகாகாவுக்கு முன்னால் கஹூனா என்று ஓர் அருவி வருகிறது. முன்னால் செடிகள் வளர்ந்து மறைப்பதால் முழுசாகத் தெரியாது. எட்டிப் பார்த்துவிட்டு நகரலாம்.

பாதையின் வளைவில் இரைச்சல் முதலில் வருகிறது. பிறகு அகாகா. 442 அடி, நயாகராவின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு. ஆனால் நயாகராவின் அகலமோ ஆர்ப்பாட்டமோ கிடையாது. பசுமை போர்த்திய பாறைச் சுவரின் உச்சியிலிருந்து ஒரே வெள்ளைக் கோடாக இறங்குகிறது. இதைப் பார்க்க ஒரு வழி உண்டு. உச்சியில் வழியும் நீரில் ஒரு திரளைக் கண்ணால் பிடித்துக்கொண்டு அதோடு இறங்க வேண்டும். புறப்படும்போது அது கெட்டியாக இருக்கும். பாதி வழியில் அம்புமுனைபோல் கூர்த்துப் பிரியும். அடியை நெருங்கும்போது நீரா புகையா என்று சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து எண்ணினால்கூடத் தீராத பயணம். அருவி என்றால் தலையைக் கொடுப்பது என்று பழகிய நமக்குக் கை பரபரக்கத்தான் செய்யும். இங்கே குளியல் கிடையாது, எதிர்மேட்டில் நின்று பார்க்க மட்டும்தான்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கையில் நினைத்துக்கொள்ள வேண்டிய ஜீவன் ஒன்று உண்டு. ஓஓபு அலமோஓ என்பது ஹவாயின் ஓடைகளில் மட்டுமே வாழும் உளுவை இனத்து மீன். அது முட்டையிடுவது அருவிக்கும் மேலேயுள்ள ஓடையில். பொரிந்த குஞ்சுகளைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்க் கடலில் சேர்க்கிறது. சில மாதம் உப்புநீரில் வளர்ந்தபின் ஓடையின் வாயைத் தேடி வருகின்றன. அப்போது ஓர் அங்குலம்கூட இருக்காது. அடிவயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒட்டி ஒரு உறிஞ்சுகிண்ணமாகியிருக்கின்றன. அதனால் ஈரப்பாறையைப் பற்றிக்கொள்ளும். உடலை ஒரு துள்ளு துள்ளி ஏறும். மறுபடி பற்றி இளைப்பாறும். தன் நீளத்தைப்போல் ஐயாயிரம் மடங்குக்கு மேற்பட்ட செங்குத்துச் சுவரை இப்படியே கடக்கிறது. எதிர்மேட்டிலிருந்து அது நம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, இது தெரிந்தபிறகு அருவியின் நடுவெள்ளையைவிட ஓரத்துக் கறுப்புப் பாறையின் ஈர மினுமினுப்பில்தான் கண் போய் நிற்கிறது. கீழே விழுகிற நீரை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பாதி அருவியைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பேன்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதை பிரியும் இடத்தில் நேரே அகாகாவுக்குப் போய்விடும் குறுக்கு வழியை எடுக்காதீர்கள். கஹூனா பக்கமாகச் சுற்றிப் போங்கள். படிகள் வழுக்கும், நல்ல பிடிமானமுள்ள செருப்பு வேண்டும். மழை வந்தால் வண்டிக்கு ஓடாதீர்கள். நனைந்த பெரணியைப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.