வனத்திற்கு வந்த வானதூதன்

மில்டன் 1667இல் வெளியிட்ட 'இழந்த பரதீசு' என்னும் காவியத்தின் ஐந்தாம் படலத்தில், வரவிருக்கும் சோதனையைக் குறித்து ஆதாமை எச்சரிக்க ரபாயேல் தூதன் ஏதேனுக்கு அனுப்பப்படுகிறான். ஏவாள் கனிகளைப் படைக்கிறாள். தூதன் உண்டபின் உரையாடுகிறான். ஆதியாகமத்தில் இவ்வருகை இல்லை. எனினும், மம்ரேயில் ஆபிரகாம் மூவரை உபசரித்த வரலாற்றின் (ஆதி. 18) சாயலை இதில் எளிதிற் காணலாம்.

இத்தூதனின் வருகையை ஆங்கிலேய ஓவியர் ஜான் மார்ட்டின் (1789–1854), அக்காவியத்திற்கென 1820களில் உருவாக்கிய இருபத்துநான்கு அச்சுப்படங்களுள் ஒன்றாக அமைத்தார். அவர் கையாண்டது மெசோடின்ட் என்னும் முறை. அதில் உலோகத் தகடு முழுவதும் முதலில் சொரசொரப்பாக்கப்படும். அப்படியே அச்சிட்டால் தாள் முழுதும் கருமையாகும். தகட்டைச் சுரண்டி மெருகேற்றும் இடங்களில் மட்டுமே ஒளி பிறக்கும். அடர்ந்த மரங்களினூடே தொலைவில் சிறு சுடராகத் தூதன் தோன்றுவதற்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. இருளிலிருந்து அருள் நம்மை நாடி வருகிறது என்பதை அந்த ஒளி உணர்த்துகிறது.

ஆயினும் இப்படத்தில் ஒரு பெருங்குறை உண்டு. வனம் ஓங்கி நிற்க, மனிதர் சிறுத்துப்போயினர். வியப்பு எஞ்சுகிறது, எச்சரிப்பு மறைகிறது. வில்லியம் பிளேக் 1808இல் தீட்டிய நீர்வண்ண ஓவியமோ ரபாயேலையும் ஆதாமையும் ஏவாளையும் ஒரே விருந்தில் நெருக்கமாகக் காட்டுகிறது. அவர்களுக்குப் பின்னே சர்ப்பம் சுற்றிய விருட்சம் நிற்கிறது. அன்போடு அமர்ந்து உண்பவனே ஆபத்தையும் அறிவிக்கிறான். வனப்பில் மார்ட்டின் விஞ்சினும், இறையியற் பொருளில் பிளேக்கின் படமே நிறைவுடையது.

இது நம் பிரசங்கபீடத்திற்கும் உரிய வினா. மாப்பிள்ளையூரணி முதலிய தூத்துக்குடிக் கரையூர்களில் பனையும் உடைமரமும் உப்பளமுமே மக்கள் கண்ட நிலக்காட்சி. அவர்களுக்கு ஏதேனைப் போதிக்கையில், காணாத சோலையை வருணிப்பதிலேயே நேரத்தைச் செலவிட்டால், கேட்போர் வியந்து வீடு திரும்புவர், அவ்வளவே. பரதீசின் மேன்மை அதன் மரங்களில் அன்று, வீழ்ச்சிக்கு முன்னரே மனிதனைத் தேடி வந்த தேவ தயவிலேயே உள்ளது. ஒற்றைப் பனையின் நிழலிலும் அதனைக் கூறலாம். ஆனால் எச்சரிப்பைக் கூறுமுன், கேட்போரோடு உடன் அமர்ந்து உண்ணவும் போதகர் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.