கங்காதர் சாஸ்திரியை யாரும் மாற்றச் சொல்லவில்லை

2024 நவம்பரில் ஒரு ராத்திரி. இரண்டாவது ஷிப்ட் முடிந்து வந்த என் அக்கா மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். ‘பாரு மாமா, அசிங்கப்படுத்தி வச்சிருக்காங்க.’ சக்திமான் திரும்ப வருகிறான் என்கிற முன்னோட்டம் அது. 66 வயது முகேஷ் கன்னா பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு விடுதலைப் போராளிகளைப் பற்றிப் பாடுகிறார். இந்தியாவின் முதல் ‘சூப்பர் டீச்சர்’ என்று புதிய பட்டம் வேறு. மாப்பிள்ளைக்கு வயது 35, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அழாத குறை.

மறுநாள் புதுவாயலில் ஏறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இறங்குகிற வரைக்கும் கம்பெனி பஸ்ஸில் இதே சண்டையாம். கன்னாவை விட்டால் ஆளில்லை என்று ஒரு கட்சி. கிழவர் வீட்டில் இருக்கட்டும், ரன்வீர் சிங்கைப் போடு என்று இன்னொரு கட்சி. 2022 பிப்ரவரியில் சோனி நிறுவனம் சக்திமானை மூன்று படங்களாக எடுக்கப் போவதாக அறிவித்தது. ரன்வீர் சிங் பெயர் அடிபட்டதும், அப்படி ஒரு ‘இமேஜ்’ உள்ளவர் சக்திமானாக முடியாது என்று 2024 மார்ச்சில் கன்னா வெளிப்படையாகவே எதிர்த்தார். நான் இரண்டு வாரம் மெனக்கெட்டு, கிடைத்த எதிர்வினைகளையெல்லாம் படித்தேன், கேட்டேன். யார் நடிப்பது, உடுப்பு என்ன நிறம், கிராபிக்ஸ் தேறுமா தேறாதா. அவ்வளவுதான். பார்வையாளர்களின் கோபம் எதன்மேல் பாய்கிறது என்பதைவிட எதன்மேல் பாயவே இல்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சக்திமான் மாறுவேடத்தில் இருக்கும்போது அவன் பெயர் என்ன? பண்டிட் கங்காதர் வித்யாதர் மாயாதர் ஓம்கார்நாத் சாஸ்திரி. உலகத்தைக் காப்பாற்றுகிறவன் ஏன் சாஸ்திரியாக இருக்கவேண்டும்? 1997 செப்டம்பர் 13-ல் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை ஓடியது இத்தொடர். அன்று யாரும் இதைக் கேட்கவில்லை. புதிதாக எடுக்கப் போகிறார்கள் என்கிற இன்றைக்கும் கேட்கக் காணோம்.

இதற்கு மாப்பிள்ளை சொன்ன பதிலைப் பதிவு செய்தாகவேண்டும். ‘மாமா, நீ எல்லாத்துலயும் சாதியத்தான் பாக்குற. நாங்க பேரையா பாத்தோம்? அது எங்களுக்குச் சும்மா ஒரு நீட்டுப் பேரு. மூச்சு விடாம யாரு சொல்றான்னு போட்டி வைப்போம்.’ உண்மைதான். நானே பார்த்திருக்கிறேன். பல் துருத்திக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, பேசவே தடுமாறுகிற அந்தப் பத்திரிகைப் போட்டோகிராபர் ஒரு கோமாளி. சாஸ்திரி கேலி செய்யப்படுகிறார் என்றுகூட ஒருவர் வாதாடலாம். ஆனால் ‘ஒரு ஊர்ல ஒரு ஏழைப் பிராமணன்’ என்று தொடங்குகிற கதை நமக்குப் புதிதா? அந்த ஏழ்மையும் அசட்டுத்தனமும் கதையின் முதல் பாதிக்கான வேடம். பின்பாதியில் அவனுக்குத்தான் வரம் கிடைக்கும். இங்கேயும் வேடம் கலைந்தால் உள்ளே இருப்பவன் ஏழு குருமார்கள் தேர்ந்தெடுத்த ஆள். தீயில் புகுந்து, பஞ்சபூதங்களால் மறுபடி உருவாகி, குண்டலினியை எழுப்பி, சக்கரங்களைத் திறந்து சக்தி பெற்றவன்.

இதை விஞ்ஞானப் புனைவு என்று சொல்லலாமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். எனக்கும் சந்தேகம்தான். 1998-ல் அதே தூர்தர்ஷனில் கேதன் மேத்தாவின் ‘கேப்டன் வ்யோம்’ வந்தது. விண்கலம், வியாழனின் துணைக்கோள் என்று விஞ்ஞானப் புனைவின் எல்லாத் தளவாடங்களும் அதில் இருந்தன. நம்மிடமும் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ இருந்தது. தொடராகவும் தூர்தர்ஷனில் வந்தது. ஜீனோ என்கிற இயந்திர நாய் எஜமானர்களைவிடத் தெளிவாக யோசிக்கும். அதைத் திரும்ப எடு என்று யாரும் பஸ்ஸில் சண்டை போடவில்லை. நாடே நினைவில் வைத்திருப்பது சக்திமானைத்தான். அதிலும் விஞ்ஞானம் இருக்கிறது, ஆனால் வில்லன் தரப்பில் இருக்கிறது. டாக்டர் ஜைகால் பரிசோதனைச்சாலை வைத்திருக்கிறான். சக்திமான் தியானத்தில் உட்காருகிறான். ஆராய்கிறவன் கெட்டவன், அருள் பெற்றவன் நல்லவன். 1998 மே மாதம் பொக்ரானில் வெடித்த குண்டுகளுக்கும் ‘சக்தி’ என்றுதான் பெயர் வைத்தார்கள். ஒன்றைப் பார்த்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே காலத்துச் சொற்கிடங்கிலிருந்து இரண்டும் எடுத்துக்கொண்டன.

பிள்ளைகளிடம் இத்தொடருக்கு இருந்த பிடிமானம் சாதாரணமானதல்ல. சக்திமான் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிப் பிள்ளைகள் மாடியிலிருந்து குதித்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. அவை பொய் என்று கன்னா மறுத்தார். ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் அவர் தோன்றிப் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்ன அறிவுரைகள் சொல்வார். தப்புச் செய்த பிள்ளை ‘ஸாரி சக்திமான்’ என்று சொல்லும். இன்றைய ‘சூப்பர் டீச்சர்’ அங்கேயே பிறந்துவிட்டார்.

1997-ல் புதுவாயலில் இதை யார் பார்த்தார்கள்? கேபிள் கனெக்‌ஷன் உள்ள வீடுகளில் சன் டிவி ஓடியது. கேபிளுக்கு மாசக் காசு கட்ட முடியாத வீடுகளில்தான் தூர்தர்ஷன். ஆன்டெனாவைத் திருப்ப ஒருத்தன் கூரைமேல் நிற்பான். கீழேயிருந்து ‘தெரியுது, தெரியுது, அப்படியே நில்றா’ என்று கத்துவார்கள். நாங்கள் இந்தி எதிர்ப்புக் குடும்பம். என் அப்பா 1965-ல் போலீஸ் அடி வாங்கியவர். அவர் பேரன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாயைப் பிளந்துகொண்டு இந்தித் தொடர் பார்க்கிறான். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு அப்போது 24 வயது. சிறுபத்திரிகை படிக்கிற திமிரில் இதையெல்லாம் நச்சுக் குப்பை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பையன்களோ மொழி புரியாமலேயே பார்த்தார்கள். புரியாததால் கதையைத் தாங்களே இட்டுக்கட்டிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் சக்திமான் தண்ணீர் லாரியைத் தூக்கிக்கொண்டு வந்து காலனியில் வைப்பான். அப்படி ஒரு காட்சி எந்தப் பகுதியிலும் வந்ததாக எனக்கு நினைவில்லை. பார்வையாளர் எல்லாரும் ஒளிபரப்புகிறவன் நினைத்தபடியே அர்த்தம் எடுப்பதில்லை, ஒத்தும் மல்லுக்கட்டியும் எதிர்த்தும் வாசிக்கிறார்கள் என்று ஸ்டூவர்ட் ஹால் 1973-லேயே எழுதினார். அவரைப் படித்து மேற்கோள் காட்டிக்கொண்டிருந்த நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா மகனைக் கவனிக்கவில்லை.

பிறகு 2020. மார்ச் 25 முதல் ஊரடங்கு. மார்ச் 28-ல் ராமானந்த் சாகரின் ராமாயணம் மறுஒளிபரப்பு தொடங்கியது. ஏப்ரலில் சக்திமானும் வந்தான். அந்த வாரங்களில் பார்வையாளர் எண்ணிக்கையில் தூர்தர்ஷன் முதலிடத்துக்குப் போனது. பத்திரிகைகள் எல்லாம் ‘பழைய நினைவுகள்’, ‘குழந்தைப் பருவம்’ என்று உருகி எழுதின. யாருடைய குழந்தைப் பருவம்?

எங்கள் லைன் வீட்டில் கடைசி அறை. 10க்கு 10. அதில் ஆறு பேர், பீகார்க்காரர்கள். ஒரு உருக்காலையில் கான்ட்ராக்ட் வேலை. ஆலை மூடியதும் கான்ட்ராக்டர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான். ஆறு பேரில் இளையவனுக்கு 28 வயது இருக்கும். ஐந்து வருஷத்தில் தமிழ் நன்றாகவே கற்றுக்கொண்டவன். மத்தியானம் எங்கள் வீட்டு டிவியில் சக்திமான் பாட்டுச் சத்தம் கேட்டதும் வந்து நின்றான். ‘பாக்கலாமா அண்ணா?’

பத்து நாளுக்கு மேல் வந்து பார்த்தான். ஒருநாள் கேட்டேன், சின்ன வயசில் பார்த்ததுதானே, சலிக்கவில்லையா என்று. அவன் சொன்னது: ‘எங்க ஊர்ல கரண்ட் இல்லண்ணா. பெரிய வீட்ல டிராக்டர் பேட்டரில டிவி போடுவாங்க. அவங்க புள்ளைங்க முன்னாடி. நாங்க வெளிய நின்னு எட்டிப் பாப்போம். முழுசா பாத்ததில்ல. பாதில துரத்திடுவாங்க. இங்கதான் உக்காந்து பாக்குறேன்.’

அவன் என்ன சாதி என்று நான் கேட்கவில்லை. வெளியே நின்று பார்த்தான் என்பதே போதுமானதாக இருந்தது. நாடு முழுக்கப் பழைய நினைவாக ஓடிக்கொண்டிருந்த தொடர் இவனுக்கு முதல் ஒளிபரப்பு. இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ‘உக்காந்து பாக்குறேன்’ என்று அவன் சொன்னபோதுதான் அவன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன். வாசற்படி. பத்து நாளும் வாசற்படிதான். உள்ளே வா என்று நான் ஒருநாளும் கூப்பிடவில்லை. கொரோனா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரர் அதே நாட்களில் எங்கள் வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்து சீட்டு ஆடினார்.

அவனுடைய ரசனையும் வேறு மாதிரி. சக்திமான் சுழன்று பறக்கும்போது போனை நோண்டுவான், ரயில் விட்டார்களா என்று பார்ப்பதற்கு. கங்காதர் வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து சிரிப்பான். எல்லாராலும் திட்டு வாங்குகிற, பேச்சு வராத, வேலையை விட்டுத் துரத்திவிடுவார்களோ என்று நடுங்குகிற கங்காதர். ‘இவன் நம்ம மாதிரிண்ணா.’ பிரதி அவனுக்கென்று வைத்திருந்த இடம் காப்பாற்றப்படுகிற கும்பலில். அவன் அங்கே போகாமல் வேடத்தைப் பிடித்துக்கொண்டான். சாஸ்திரியை விட்டுவிட்டுக் கோமாளியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

1998-ல் சக்திமானைத் தன் விளம்பரத்துக்குப் பிடித்துப்போட்ட பார்லே-ஜி பிஸ்கட் 2020 மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு விற்றது. மே மாதம் ஜி.என்.டி. ரோட்டில் வடக்குப் பார்த்து நடந்தவர்கள் கையில் அந்தப் பொட்டலத்தை நான் பார்த்தேன். எங்கள் கடைசி அறையும் காலியாயிற்று. ஆறு பேரும் ஆரம்பாக்கம் வரை நடந்து திரும்பி வந்து, பிறகு ரயில் விட்டதும் போனார்கள்.

இதோடு ஒப்பிட ஓர் அமெரிக்கத் தொடர் இருக்கிறது. 1978-ல் வந்த ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வை ரொனால்ட் மூர் 2003-ல் புதிதாக எடுத்தார். 2009 வரை வந்தது. பர்மா பஜாரில் டிவிடி வாங்கிப் பார்த்தேன். பழைய தொடரில் ஸ்டார்பக் என்பவன் சுருட்டுப் பிடிக்கிற, பெண்கள் பின்னால் அலைகிற விமானி. புதியதில் ஸ்டார்பக் ஒரு பெண். ரசிகர்கள் கொதித்தார்கள். பழைய ஸ்டார்பக்காக நடித்த டர்க் பெனடிக்ட், ஆண்மையைக் காயடித்துவிட்டார்கள் என்கிற பொருளில் 2004-ல் ஒரு கட்டுரையே எழுதினார். அந்தக் கோபம் பிற்போக்கானது. ஆனாலும் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. புதிய பிரதி பழையதன் எந்த நரம்பைத் தொட்டது என்று அது காட்டிக்கொடுக்கிறது.

மூர் மாற்றியது அது மட்டுமல்ல. பழையதில் சைலான்கள் என்கிற இயந்திரப் படையை உண்டாக்கியது வேற்றுக்கிரக ஊர்வன இனம். புதியதில் மனிதர்களே தங்கள் வேலையைச் செய்வதற்காக அவற்றை உண்டாக்குகிறார்கள், அவை கலகம் செய்கின்றன. காரெல் சாபெக் 1920-ல் எழுதிய நாடகத்தில் ‘ரோபோ’ என்கிற சொல் வந்ததே வெட்டி ஊழியத்தைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்துதான். மூர் அந்த வேருக்குப் போகிறார். 2006-ல் மூன்றாம் பருவம் தொடங்கும்போது மனிதர்கள் ஆக்கிரமிக்கப்பட்டவர்கள், தற்கொலைத் தாக்குதல் நடத்துகிறவர்கள். அமெரிக்கா இராக்கில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அமெரிக்க வீட்டுக்குள் இது போனது.

எனக்கு மறக்காதது 2007-ல் வந்த ஒரு பகுதி. எரிபொருள் சுத்திகரிக்கும் கப்பலில் ஓய்வில்லாமல் வேலை. பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். அப்பன் செய்த வேலையே மகனுக்கு. மேட்டுக்குடிக் கோள்களிலிருந்து வந்தவர்கள் அதிகாரிகளாக இருக்க, ஏழைக் கோள்களிலிருந்து வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கை அழுக்காக வேண்டுமா என்று கேள்வி எழுகிறது. வேலைநிறுத்தம் நடக்கிறது. தளபதி, தலைவனின் மனைவியைச் சுவரோடு நிறுத்திச் சுட்டுவிடுவேன் என்று மிரட்டித்தான் அதை முடிக்கிறார். கதையில் இவர் நல்லவர். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி விரட்டிய நாட்டில் இப்படி ஒரு பகுதி எந்தத் தொடரிலாவது வந்ததா? அமெரிக்கத் தொடரை நான் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. அதன் முடிவு எனக்குப் படு மோசம், கடவுளிடம் போய்ச் சரணடைகிறது. ஆனால் பழைய பிரதியோடு அது சண்டை போட்டது.

ரீபூட் என்றால் என்ன என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். ‘மெஷின் சிக்கிக்கிச்சுன்னா மெயின ஆஃப் பண்ணிப் போடுவோம்ல, அதான்.’ போட்ட பிறகும் அதே கோளாறு வந்தால்? ‘அப்போ போர்டுலயே ஃபால்ட்டு.’ சொல்லிவிட்டு, நான் எங்கே இழுத்துக்கொண்டு போகிறேன் என்று புரிந்து முறைத்தான். ‘உனக்கு சக்திமான் என்ன மாமா பண்ணான்?’ தண்ணீர் லாரியைத் தூக்கி வந்தவன் அவனுடைய சக்திமான். அதை அவனிடமிருந்து பிடுங்க எனக்கும் மனசில்லை. அந்த லாரிக் காட்சியைப் புதிய தொடரில் வை என்று கேட்கலாமே என்றேன். ‘அதெல்லாம் எங்க கேப்பாங்க’ என்றான்.

பீகார்ப் பையன் 2021-ல் திரும்பி வந்தான். இப்போது வேறு ஆலை, அதே லைன். முன்னோட்டத்தை அவனுக்கும் மாப்பிள்ளை காட்டினான். இந்த முறை வீட்டுக்குள், கட்டிலில் உட்கார்ந்து பார்த்தான். முழுதும் பார்த்துவிட்டு, கங்காதர் இதில் இல்லையா என்று கேட்டான். இல்லை என்றதும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.