கட்டிலைச் சுற்றி மூன்று பேர்: 'நெஞ்சில் ஓர் ஆலயம்' நடிப்பு அலசல்

ஸ்ரீதர் இயக்கி 1962-இல் வெளிவந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் புற்றுநோயாளி வேணுவாக முத்துராமனும், அவன் மனைவி சீதாவாக தேவிகாவும், அவளை முன்பு காதலித்த டாக்டர் முரளியாக கல்யாண்குமாரும் நடித்தனர். கணவனின் உயிர் பழைய காதலனின் கையில் இருக்கிறது என்பதே கதையின் முடிச்சு.

ஒரு மாதத்துக்குள், பெரும்பாலும் ஒரே மருத்துவமனை செட்டில் எடுத்து முடித்த படம் இது. சிக்கனமும் வேகமும் தமிழ் சினிமாவுக்குப் புதிதல்ல. சேலத்தில் டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரே வளாகத்துக்குள் கறாரான ஒழுங்கோடு படம் எடுத்துத் தள்ளியது. அங்கே அந்த ஒழுங்கு சண்டைக்கும் சாகசத்துக்கும் பயன்பட்டது. ஸ்ரீதர் அதை முகங்களுக்குச் செலவிட்டார்.

மூவரில் முத்துராமனின் நடிப்பே தேர்ச்சியானது. இருமலையும் முனகலையும் நம்பாமல், சிரித்த முகத்தோடு பேசியே அவர் நோயைச் சொல்கிறார். தான் இறந்தால் டாக்டரை மணந்துகொள் என்று மனைவியிடம் கேட்கும் காட்சியில் குரல் உயர்வதே இல்லை. அந்த நிதானம்தான் சீதாவை நொறுக்குகிறது. அவள் பதில் பி.சுசீலாவின் குரலில், விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் சிதாரோடு வருகிறது. வின்சென்டின் கேமரா கட்டிலுக்கு அடியில்கூட நுழைந்து இருவரையும் பார்க்கிறது. பாட்டு கதையை நிறுத்தாமல் நகர்த்தும் அபூர்வமான இடம் அது. அழுகையை அடக்க தேவிகா படும் பாடு, அழுதிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய பலனைவிட அதிகம் தருகிறது.

கல்யாண்குமாருக்கு வாய்த்ததோ மௌனமான பாத்திரம். நோயாளி பிழைக்காவிட்டால் ஊர் தன்னைச் சந்தேகிக்கும் என்ற அச்சம் வசனத்தைவிட அவர் தோள்களில் நன்றாகத் தெரிகிறது. நாகேஷின் நகைச்சுவை இறுக்கத்தைத் தளர்த்தினாலும் சில இடங்களில் நீள்கிறது.

இருபது ஆண்டு கழித்து வந்த 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' (இரண்டும் 1982) படங்களில் நாயகன் நோயை மறைத்துக் காதலியை விலக்குகிறான். நாடகம் அந்த மறைப்பிலிருந்து பிறக்கிறது. இங்கே நோய் மூவருக்கும் தெரியும். மறைக்க எதுவும் இல்லாததால் நடிகர்கள் ஒளிந்துகொள்ளவும் இடமில்லை.

முடிவு மட்டும் சற்று வசதியானது. அறுவை சிகிச்சையில் வேணு பிழைக்கிறான், டாக்டர் இறந்துபோகிறார். முக்கோணத்தின் ஒரு முனையைக் கதாசிரியர் கத்தரித்துவிட்டார் என்றே தோன்றுகிறது. ஆனாலும் அதே முடிவோடு ஸ்ரீதரே 1963-இல் 'தில் ஏக் மந்திர்' என்று இந்தியில் எடுத்தார்; ராஜேந்திர குமார், மீனா குமாரி, ராஜ்குமார் நடித்த அந்தப் படமும் வென்றது.