கட்டம் கலைந்த பக்கங்கள்

1991இல் 'பிரிண்ட்' இதழில் வந்த ஓர் உரையாடலில் மாசிமோ விக்னெல்லி, 'எமிக்ரே' என்ற சிற்றிதழைக் குப்பை உற்பத்தி செய்யும் ஆலை என்று திட்டித் தீர்த்தார். நியூயார்க் சுரங்க ரயிலின் 1972ஆம் ஆண்டு வரைபடத்தை உருவாக்கியவர் அவர். விரல்விட்டு எண்ணக்கூடிய எழுத்துருக்களே ஒரு வடிவமைப்பாளருக்கு ஆயுளுக்கும் போதும் என்று நம்பியவர். கலிஃபோர்னியாவில் ஒரு தம்பதி நடத்திய இதழ்மீது அவருக்கு ஏன் அத்தனை கோபம்? அதன் வேரைத் தேடிப் போனால், வரைகலையில் பின்நவீனத்துவம் எனப்படுவதன் வரலாறு முழுவதும் கைக்கு வந்துவிடுகிறது.

இந்தச் சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு 1990களின் சிற்றிதழ் விவாதங்களும் தெரிதாவும் நினைவுக்கு வரலாம். அச்சுப் பக்கத்தில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. அங்கே தத்துவம் பிந்தித்தான் வந்தது. முதலில் வந்தது ஈய எழுத்து.

எதை எதிர்த்துக் கிளம்பினார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். யான் சிகோல்டு 1928இல் எழுதிய 'புதிய அச்சுக்கலை' முதல், போருக்குப் பிந்தைய சூரிச், பாசல் பள்ளிகள் வரை வளர்ந்த நம்பிக்கை ஒன்று உண்டு. பக்கத்தைக் கட்டங்களாகப் பிரி. வரிகளை இடப்பக்கம் சீராக நிறுத்து. எழுத்து தன்னைக் காட்டிக்கொள்ளாமல் பொருளை மட்டும் கொண்டுசேர்க்கட்டும். ஹெல்வெட்டிகா, யூனிவர்ஸ் இரண்டுமே 1957இல் வெளிவந்தன. விமான நிலையத்தில் வழி தேடும் எவரும் இந்த மரபுக்குக் கடன்பட்டவர்தான். ஆனால் 1960களுக்குள் அது பெரிய நிறுவனங்களின் சீருடையாகிவிட்டது. வங்கிக்கும் எண்ணெய் கம்பெனிக்கும் ஒரே குரல்.

வோல்ஃப்காங் வைன்கார்ட் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் அச்சுக்கோர்க்கும் தொழில் பழகியவர். அந்த நாட்களில் ஒருமுறை, 6 பாயின்ட் எழுத்துகள் நிரம்பிய தட்டு அவர் கைநழுவிக் கொட்டிவிட்டது. கொட்டிய பொடி எழுத்துகளைப் பொறுக்கி மறுபடி அறை அறையாகப் பிரித்துப் போடுவது எத்தனை பெரிய பாடு என்று பழைய கம்பாசிட்டர்களுக்குத் தெரியும். வைன்கார்ட் அவற்றை ஒரு வட்ட வளையத்துக்குள் நெருக்கி நிறுத்தி, மை தடவி அச்சடித்தார். பிறகு கவிழ்த்துப் போட்டு எழுத்துகளின் அடிப்பாகத்தையும் அச்சடித்தார். தாளில் வாசிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஈயத்தின் எடையும் நெருக்கமும் அதில் தெரிந்தன. கண்ணாடிபோல ஊடுருவிப் பார்ப்பதற்கு என்று சொல்லப்பட்ட எழுத்து, அங்கே ஒரு பொருளாக எழுந்து நின்றது.

1968 முதல் அவர் பாசலிலேயே ஆசிரியர். கட்டத்தைக் கற்பித்த எமில் ரூடரும் ஆர்மின் ஹோஃப்மானும் இருந்த அதே பள்ளியில், ஒரு சொல்லின் நடுவிலேயே எழுத்தின் தடிமனை மாற்றினார், இடைவெளிகளை இழுத்துவிட்டார், பத்திகளைப் படிக்கட்டாக அடுக்கினார். 1970களில் ஃபிலிம் பாசிட்டிவ்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அச்சுப் புள்ளிகள் பூதாகரமாகத் தெரியும் சுவரொட்டிகளைச் செய்தார். விதி அவர் விரல்களில் ஊறியிருந்தது. அதனால்தான் மீறலிலும் கை பிசகவில்லை. அவரிடம் படித்த ஏப்ரல் கிரைமன் லாஸ் ஏஞ்சலஸ் போனார். 1986இல் 'டிசைன் குவார்ட்டர்லி' இதழின் 133ஆம் எண்ணைப் பக்கங்களாகப் போடாமல், மேக்கின்டாஷில் கோர்த்த தன் ஆளுயர நிர்வாணப் படத்தையே மடித்த சுவரொட்டியாகக் கொடுத்தார்.

தத்துவம் நுழைந்த வாசல் டெட்ராய்ட் அருகிலுள்ள கிரான்புரூக் கலைப்பள்ளி. கேத்தரின் மெக்காய் 1971 முதல் 1995 வரை அங்கே வடிவமைப்புத் துறையை நடத்தினார். 'விசிபிள் லாங்குவேஜ்' என்ற ஆய்விதழ் பிரெஞ்சு இலக்கியக் கோட்பாடு பற்றி 1978இல் ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தபோது, அதன் பக்கங்களை அமைத்தவர்கள் அவருடைய மாணவர்கள். முதல் கட்டுரை ஏறக்குறைய வழக்கமான பக்கம்தான். அடுத்தடுத்த கட்டுரைகளில் சொற்களுக்கிடையே வெள்ளை அகலமாகிக்கொண்டே போகிறது. அடிக்குறிப்புகள் இடம் மாறி உள்ளே நுழைகின்றன. கடைசிக் கட்டுரையில் சொற்கள் தனித்தனித் தீவுகளாக மிதக்கின்றன. கண் எந்தத் திசையில் போவதென்று வாசகரே தீர்மானிக்க வேண்டும். பொருள் வாசிப்பில்தான் உண்டாகிறது என்று அந்தக் கட்டுரைகள் பேசின. பக்கம் அதை நடத்திக் காட்டியது. இந்த இயக்கத்தின் மிகச் சிறந்த சாதனை எது என்று கேட்டால், நான் இந்த ஓரிதழைத்தான் காட்டுவேன். இதில் கலைத்தது எதுவும் அழகுக்காகக் கலைத்தது இல்லை.

இனி 'எமிக்ரே'. நெதர்லாந்திலிருந்து வந்த ரூடி வாண்டர்லான்ஸ் நண்பர்களோடு சேர்ந்து 1984இல் அதைத் தொடங்கினார். அதே ஆண்டில் மேக்கின்டாஷும் வந்தது. பிராட்டிஸ்லாவாவில் பிறந்த அவர் மனைவி சுசானா லிச்கோ அந்தக் கணினியின் முன் உட்கார்ந்தார். அங்குலத்துக்கு 72 புள்ளிகள் மட்டுமே கொண்ட திரை அது. கராமண்ட் போன்ற நளினமான எழுத்தை அதில் கொண்டுவந்தால் வளைவுகள் பல்லிளிக்கும். லிச்கோ புள்ளியையே செங்கல்லாக எடுத்துக்கொண்டார். எம்பரர் எழுத்துருவில் தண்டின் அகலம் இரண்டு புள்ளி, உள்வெளி ஒரு புள்ளி. பெயரோடு வரும் 8, 10, 15, 19 என்ற எண்கள் எழுத்தின் உயரத்தைப் புள்ளிக் கணக்கில் சொல்கின்றன. கருவியின் குறையை மூடி மறைக்காமல் அதிலிருந்தே எழுத்தை எழுப்பிய இந்த வேலை, கண்டிப்பான எந்த நவீனத்துவரும் பாராட்டியிருக்க வேண்டியது. நாம் எதை அதிகம் வாசிக்கிறோமோ அதுவே நமக்கு எளிதாகிறது என்பது லிச்கோவின் வாதம். பிளாக்லெட்டர் எழுத்தை நூற்றாண்டுகளாகச் சிரமமின்றி வாசித்த ஜெர்மானியரை நினைத்தால் அதை மறுப்பது கடினம். விக்னெல்லியைச் சுட்டது இதுதான் என்று நினைக்கிறேன். தெளிவு இயற்கையின் விதி இல்லை, பழக்கம் என்றால், அவருடைய ஒழுங்கும் பல பழக்கங்களில் ஒன்றாகிவிடுகிறது.

வடிவமைப்பு விமர்சகர் ஸ்டீவன் ஹெல்லர் 1993இல் 'ஐ' இதழில், இத்தகைய பக்கங்களில் அவலட்சணமே வழிபாடாகிவிட்டது என்று சாடினார். அதில் பாதி உண்மை. டேவிட் கார்சன் 'ரே கன்' இதழில் ஒரு நேர்காணல் சலிப்பூட்டுகிறது என்று அதை முழுக்க வெறும் சின்னங்களாலான சாப்ஃப் டிங்பாட்ஸ் எழுத்துருவில் போட்டார். பேசியவருக்கும் எழுதியவருக்கும் அது அநியாயம்; வடிவமைப்பாளர் பிரதியை வாசித்ததற்கான தடயம் அந்தப் பக்கத்தில் இல்லை. கிரான்புரூக் மாணவர்கள் கேட்ட உழைப்பு வாசகருக்கு ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. இங்கே திரும்பக் கிடைப்பது ஒன்றுமில்லை. கார்சனைப் போலச் செய்தவர்கள் பெருக, சில ஆண்டுகளிலேயே அந்தச் சிதறல் விளம்பர மொழியாகிவிட்டது.

விக்னெல்லி பிறகு இறங்கிவந்தார். 1996இல் லிச்கோ போடோனி என்ற பழைய எழுத்துருவை மீட்டு ஃபிலோசோஃபியா என்ற எழுத்துருவைச் செய்தபோது, அதற்கான அறிவிப்புச் சுவரொட்டியை அமைத்தவர் அவரே. 'எமிக்ரே' 69 இதழ்களோடு 2005இல் நின்றது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2011இல் 23 டிஜிட்டல் எழுத்துருக்களைச் சேகரித்தது. அவற்றில் லிச்கோவின் ஓக்லாண்டும், சலவைக்கடைப் பலகை ஒன்றைப் பார்த்து பாரி டெக் வரைந்த டெம்ப்ளேட் காதிக்கும் உண்டு.

அந்தப் பட்டியலில் பேயோவுல்ஃபும் இருக்கிறது. யுஸ்ட் வான் ரோசம், எரிக் வான் பிளாக்லாண்ட் என்ற இரு டச்சு இளைஞர்கள் எழுத்தின் கோடுகளை வரையும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டளைகளுக்குள் தற்செயலைப் புகுத்தினார்கள். அச்சடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தின் விளிம்பும் வேறுமாதிரி நெளியும். ஒரே பக்கத்தில் இரண்டு 'e' ஒன்றுபோல் இருக்காது. பிற்காலக் கணினிகள் அந்தக் கட்டளைகளை ஏற்கவில்லை. இப்போது கிடைக்கும் வடிவத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் முன்கூட்டியே வரைந்து வைத்த மாற்றுருக்கள் உள்ளன. அவை மாறி மாறி வருகின்றன. இந்தத் துறையின் வரலாற்றை எழுத விரும்புகிறவர்கள் காலம் கடத்தக் கூடாது. வைன்கார்டின் ஈய எழுத்துக்கு இன்றும் மை தடவலாம். பேயோவுல்ஃபின் முதல் வடிவத்தை ஓட்டிப் பார்க்க, அந்தக் காலத்துக் கணினியும் அச்சுப்பொறியும் பழுதின்றிக் கிடைத்தாக வேண்டும்.